சட்டிக்கு வைன் தேடிய வேண்டாம் அண்ணை

விற்க வந்த பொருளை விற்கவே மனம் வராத கடைக்காரர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் 'வேண்டாம் அண்ணை'. தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னாலிருந்த வைன் கடையொன்றில் நின்றார். போத்தலைத் தொட்டதும், "இண்டைக்கு என்ன சமையல்?" என்பார். பதில் பிடிக்காவிட்டால் போத்தலைப் பறித்து ராக்கையில் வைத்துவிட்டு, "வேண்டாம்" என்பார். இத்தாலியர்களுக்கும் இதே மரியாதைதான்! தான் பிழை விட்டதாக அவர் ஒத்துக்கொண்ட சரித்திரமே இல்லை. ஒரு துளி குடிக்காமல், வெறும் மூக்கால் மணந்து பார்த்துக்கொண்டே இவ்வளவு திமிர்!

அப்போது நான் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா ஒருவர், வீட்டில் சமையலுக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிலைத்தால்தான் ஒப்பந்தம்; ஒப்பந்தம் இருந்தால்தான் இந்த நாட்டில் இருக்க பெர்மெஸ்ஸோ என்கிற அனுமதி. அந்த நேரம் பார்த்து, சிஞ்ஞோராவின் மகன் கட்டப்போகும் ஜப்பான் பெண்ணின் தாய் தகப்பன் விருந்துக்கு வருவதாக இருந்தது. அவர்கள் ஊர் முறைப்படி மேசை நடுவில் அடுப்பு, அதன்மேல் கொதிக்கிற சட்டி. மீன், இறால், இறைச்சி, முட்டைக்கோவா எல்லாவற்றையும் அவரவர் அதில் போட்டு எடுத்துச் சாப்பிடவேண்டும். இதற்கேற்ற வைன் வாங்கி வா, விருந்து சரிவந்தால் ஒப்பந்தம் என்றார் சிஞ்ஞோரா.

அண்ணையின் கடைக்குப் போனேன். என் தலையெழுத்து.

"வெள்ளை வைன் தாங்கோ அண்ணை."

"இறைச்சி கிடக்கெல்லோ? வேண்டாம்."

"அப்ப சிவப்பு?"

"மீனுக்கோ? உமக்கென்ன விசரோ?"

கடைசியில் சிபிப்போ என்கிற இனிப்பு வைனை எடுத்தார். சட்டியைப் பார்க்காமல் தரமாட்டேன் என்று அவரே புறப்பட்டும் வந்துவிட்டார்! சமையலறைக்குள் புகுந்து, என்னைக் கேட்காமலே, சட்டியில் நான் கொதிக்க வைத்திருந்த கடற்பாசிச் சாற்றில் ஒரு கரண்டி அள்ளிக் குடித்தார்.

"சுடுதண்ணியெல்லோ இது! இதோடை குடிச்சால் என்ரை வைன் சீனிப்பாணி மாதிரி இனிக்கும்."

"அப்ப வைனை மாத்துங்கோ அண்ணை."

"வைனை மாத்துறதோ? நல்ல கதை. மீன் கிடக்கு, இறால் கிடக்கு. புளியும் செத்தல் மிளகாயும் விட்டால் எங்கடை ஒடியல் கூழ் மாதிரி வந்திடும். வைனும் பொருந்தும்."

விருந்தினருக்குக் கதவு திறந்துவிட்டு நான் திரும்புவதற்குள், எனக்கென்று அலுமாரியில் வைத்திருந்த புளியையும் மிளகாயையும் கரைத்து ஊற்றி, சட்டியை மேசைக்கும் கொண்டுபோய்விட்டார். சட்டிக்கு வைன் தேடு என்றால் வைனுக்குச் சட்டி தேடுகிறார்! கேட்டீர்களா அநியாயத்தை?

ஜப்பான் தகப்பன் ஒரு வாய் குடித்தார். கண்ணால் நீர் கொட்ட, இருமி இருமி மேசையைப் பிடித்துக்கொண்டார். சிஞ்ஞோரா எழுந்து எனக்கு வாசலைக் காட்டினார். ஒப்பந்தம், பெர்மெஸ்ஸோ எல்லாம் போச்சு. வேண்டாம் அண்ணையை அந்தச் சட்டிக்குள்ளேயே அமுக்கலாம் போலிருந்தது.

அவர் எனக்கு முன்னால் வந்து நின்று இத்தாலியனில் சொன்னார்: "சிஞ்ஞோரா, இந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. சாற்றில் கைவைத்தது நான்." மேசையிலிருந்த தன் போத்தலைக் கையில் எடுத்தார். "வைனையும் நான்தான் பிழையாகத் தெரிவு செய்தேன்."

சிஞ்ஞோரா அவரை வெளியே அனுப்பினார். என்னை வைத்துக்கொண்டார். அண்ணை வைனில் பிழை விட்ட கதை மட்டும் பொலிதேயாமாப் பக்கம் முழுக்கப் பரவியது. கடைக்கு வந்தவர்கள் அவர் பேச்சைக் கேட்காமல் விரும்பிய போத்தலை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் காசை மட்டும் வாங்கிப் போட்டார்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த எந்தத் தீபாவளிக்கும் அவருக்குச் சோறு போடாமல் நாங்கள் சாப்பிட்டதில்லை. வந்திருந்து பாயாசத்துக்கும் குறை சொல்லுவார். சொல்லட்டும்.