பெல்ட்டில் திரும்பிப் போன மீன்

எந்தப் பொருளையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. புத்தகக் கடையில் இதற்குப் படிப்பாளி என்று பெயர். மற்ற இடங்களில் வேறு பெயர்கள் உண்டு.

என் மகள் கவிதாவும் முரளியும் நகரத்தின் கியாக்டடா பேட்டையில் ஒரே அலுவலகம். கல்யாணம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி இருந்தது முரளியின் அப்பா கோவிந்தசாமி தலையாட்டுவது மட்டும். (அவர் குடியிருக்கும் இன்சீனில் ஊ ஆங் மியின் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள், பர்மியத் தமிழர்களான எங்களில் பலருக்கு இப்படித் தமிழில் ஒன்று, பர்மியத்தில் ஒன்று என்று இரண்டு பெயர்.) ரயில்வே பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இரு வீட்டாரும் சந்திக்கப் பிள்ளைகள் பிடித்த இடம், தட்டுகள் பெல்ட்டில் ஊர்ந்து வரும் சுஷிக் கடை, அதாவது ஜப்பானியரின் பச்சை மீன் கடை. ஞாயிறு மதியம், வாசல்வரை கூட்டம். காத்திருந்தபோது கவிதா காதோரம் சொன்னாள்: “அப்பா, தெரியாத விஷயத்தைப் பேசாதீங்க.”

பேசினேன். ஜப்பானைப் பற்றிச் சில புத்தகங்கள் படித்திருந்தேன். (ஒன்றிலும் யாரும் சாப்பிடவில்லை.) வாள்வீரர்கள், தேநீர்ச் சடங்கு என்று நான் அளந்ததையெல்லாம் கோவிந்தசாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் இருவரையும் பெல்ட்டை ஒட்டி எதிரெதிரே உட்கார வைத்தார்கள். பெண்கள் பேச்சில் மூழ்க, பிள்ளைகள் மெனுவில் மூழ்கினார்கள்.

பபேடானில் எங்கள் தெரு டீக்கடையில் உட்கார்ந்தாலே போதும், கேட்காமல் சமோசாவும் பலகாரமும் மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. தொடாத தட்டு அடுத்த மேசைக்குப் போகும். ஜப்பான்காரன் அந்த வேலையை மெஷினுக்குக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஒரு தட்டை இறக்கினேன். ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாக ஏதோ. முகர்ந்துவிட்டு பெல்ட்டிலேயே வைத்தேன். அடுத்ததில் வழவழப்பாக ஒரு துண்டு. குச்சியால் அதன் ஓரத்தைத் தூக்கி, கீழே இருப்பது வெறும் சோறுதான் என்று உறுதி செய்துகொண்டு அதையும் வழியனுப்பினேன்.

நிமிர்ந்தால், கோவிந்தசாமியும் அதையே செய்துகொண்டிருந்தார். முகர்ந்தார். ஓரத்தைத் தூக்கினார். ரயில் பெட்டியைச் சோதித்து அனுப்பிய கையல்லவா, என்னைவிட நேர்த்தி.

அப்போது பெல்ட் நின்றது. எங்களுக்கு மட்டுமல்ல, கடை முழுவதற்கும். பணிப்பெண் நாங்கள் திருப்பியனுப்பியவற்றையெல்லாம் பொறுக்கி வந்து எங்கள் முன் அடுக்கினாள். ஒருமுறை இறக்கிய தட்டு இறக்கியவருக்கே சொந்தம் என்று பர்மியத்தில் மிகப் பணிவாகச் சொன்னாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

கவிதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. முரளி தன் அப்பாவைப் பார்க்கவே பயந்தான்.

“தப்பு என்னோடதுங்க” என்றேன்.

கோவிந்தசாமி தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் டீக்கடை மாதிரின்னுதான் நெனச்சேன். ஆனா சந்தேகம் இருந்துச்சு. நீங்க படிச்சவரு, செய்றீங்களேன்னு செஞ்சேன்” என்றார். பிறகு அடுக்கை நடுவில் பிரித்து, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

“தின்னுங்க, சம்பந்தி.”

அந்தச் சொல் காதில் விழுந்ததும் கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நான் பச்சை மீனைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது துண்டு அவ்வளவு மோசமில்லை.

கல்யாணம் நடந்தது. மருமகன் தங்கமானவன். ஆனால் இன்றுவரை எனக்கு எந்தத் தட்டை நீட்டினாலும், அதை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்கிறான்: “மாமா, இது பாக்குறதுக்கா, சாப்பிடுறதுக்கா?”