வெயிட்டிங் ரூம் பேட்ச்

"பூர்ணிமா, உங்க வீட்டுக்குள்ள ரயில் வருதா?"

போனுக்குள்ளிருந்து சௌந்தர்யா மேடம் கேட்டார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, நகங்களை அழகுபடுத்தும் தொழிலைத் தொலைதூர மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் அவர். காது கூர்மை.

"லைன் ஓரமா வீடு மேடம். அதான்," என்றாள் பூர்ணிமா.

அந்த நேரம் பார்த்துத்தானா ஒலிபெருக்கி பேச வேண்டும்? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

"அது யாரு?"

"மாமியார் டிவி பாக்கறாங்க மேடம்."

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பார்கள். பூர்ணிமா பதினொன்றாவதில் இருந்தாள். உண்மையில் அவள் உட்கார்ந்திருந்தது வேலூர் போகிறவர்கள் இறங்கும் காட்பாடி ஜங்ஷனில், பெண்கள் வெயிட்டிங் ரூமில், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலியில். மடியில் ஒரு பிளாஸ்டிக் கை இருந்தது. பயிற்சிக்காகக் கூரியரில் வந்த கை.

ஆரம்பத்தில் விஷயம் சின்னதுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் பூர்ணிமா. ஆர்டர் குறைந்ததும் அவளுடைய லைனை மூடிவிட்டார்கள். கடைத்தெருவில் மணப்பெண் அலங்காரம் செய்யும் சங்கீதா, "நகம் பண்ண இந்த ஊர்ல ஆளே இல்லக்கா. சர்டிபிகேட்டோட வா. ஆவணி முகூர்த்தத்துக்கு என் பார்லர்ல ஒரு நாற்காலி உனக்குத்தான்," என்று சொல்லியிருந்தாள்.

சென்னைப் பயிற்சி நிலையம் ஒன்றின் கிளை வேலூரில் இருந்தது. நேரில் போய்ப் படிக்கலாம், அல்லது வீட்டிலிருந்தபடியே போனில் படிக்கலாம். படிப்பு நாலு மாசம். எதில் சேருவது என்று வீட்டில் மாநாடு நடந்தது.

"எதிர்ல வாத்தியார் இல்லாத படிப்பு இன்னா படிப்பு?" என்றாள் மாமியார் சம்பூர்ணம். "போன்ல பாத்து நீச்சல் கத்துக்க முடியுமா? நேர்ல போ. நாலு பேரோட உக்காந்து படி."

கணவன் மதியழகன் ராணிப்பேட்டையில் இன்னொரு ஷூ கம்பெனியில், ஃபினிஷிங் பிரிவில் தோலுக்குச் சாயம் அடிப்பவன். "ரெண்டும் நல்லதுதான்," என்றான். இட்லியா தோசையா என்று கேட்டாலும் அவன் அதையேதான் சொல்வான்.

நேரில் போனாள். சரியாக ஒரே ஒரு நாள்.

வகுப்பில் இருபது பெண்கள். எல்லாம் காலேஜ் முடித்த வயசு. வகுப்பெடுத்த பெண் பூர்ணிமாவின் இடது கையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எப்போதோ மெஷின் ஊசி பூர்ணிமாவின் கட்டை விரலைத் துளைத்துவிட்டுப் போயிருந்தது. அன்று முதல் அந்த நகம் இரண்டு பிளவாகத்தான் வளரும்.

"சூப்பர் டேமேஜ்! எல்லாரும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க."

இருபது போன்கள் அந்த ஒரு விரலை நோக்கி நீண்டன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சிரிக்கக்கூட இல்லை. ஆனாலும் பூர்ணிமாவுக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வருஷம் வீட்டுக்குச் சோறு போட்ட விரல் அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்குப் போய்த் தொலைதூரப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு, டிபன் பாக்ஸும் கையுமாக ரயில் ஏறினாள்.

வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். ஆனால் தெருமுனையிலேயே பால்காரர், "இன்னாம்மா, வேலூர்ல கிளாசாமே?" என்றார். சம்பூர்ணம் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். மாமியாரின் வாழ்க்கையில் மருமகளைப் பற்றிப் பெருமையடித்த முதல் நாள் அது. அதைக் கெடுக்க பூர்ணிமாவுக்கு மனசு வரவில்லை.

அதனால் தினமும் கிளம்பினாள். ஆறரைக்கே மதியழகன் டிபன் பாக்ஸோடு ரயிலுக்குப் போய்விடுவான். எட்டு மணிக்கு இவள் இன்னொரு டிபன் பாக்ஸோடு. சீசன் டிக்கெட் கையில் இருந்தது. போகத்தான் இடம் இல்லை. வெயிட்டிங் ரூமில் ஃபேன் இருந்தது, தண்ணீர் இருந்தது, கரண்ட் இருந்தது. எந்தப் பாடசாலைக்கும் இதற்குமேல் என்ன வேண்டும்?

பெண்கள் ரூம், ஆண்கள் ரூம் இரண்டையும் கூட்டித் துடைக்கும் சவுரியம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"இன்னா கண்ணு, ஒரு வாரமா வர்ற, ஒரு வண்டியும் ஏற மாட்டேங்கற? ஊட்ல எதனா சண்டையா?"

"படிக்கறேன்க்கா."

"படி படி. நீயாவது படிக்கற." அவள் ஒரு பெருமூச்சோடு துடைப்பத்தைத் தட்டினாள். பூர்ணிமா தன் எலுமிச்சஞ்சோற்று டப்பாவை நீட்டியபோது, "வாணாம்மா. எலுமிச்சஞ்சோறு இப்பத்தான் சாப்ட்டாச்சு," என்று சொல்லிவிட்டாள்.

முதல் சிக்கல் பிளாஸ்டிக் கையால் வந்தது. ஒருநாள் அது மடியிலிருந்து நழுவி பெஞ்சுக்கு அடியில் உருண்டது. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுக் கல்கத்தாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், காலடியில் தனியாக ஒரு கை கிடப்பதைப் பார்த்து அலறினாள். பிளாட்பாரமே கூடிவிட்டது. பாஷை தெரியாத பூர்ணிமா அவளைச் சமாதானப்படுத்த என்ன செய்வாள்? அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, பத்து நகத்துக்கும் அழகாகச் சிவப்புப் பூசிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாள்.

அலறல் நின்றது, வரிசை ஆரம்பித்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை? ஆளுக்கொரு கையை நீட்டினார்கள். பாலீஷ் வாசனை டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் போனது.

இரண்டாவது சிக்கல் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு காக்கிச் சட்டையில் வந்தது.

"இன்னாம்மா, ஸ்டேஷன்ல பெயின்ட் அடிக்கறியா?" என்றாள் பெண் போலீஸ்.

பூர்ணிமா பாட்டில்களை எல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டாள். போலீஸம்மா கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தி, "டூட்டில கலர் போடக்கூடாது. கலர் இல்லாம பளபளன்னு எதனா இருக்குதா?" என்றாள். மறுநாள் அவளோடு ஸ்டேஷனில் வேலை செய்யும் மூன்று பேர் வந்தார்கள்.

மூன்றாவது சிக்கல் சௌந்தர்யா மேடம். தினமும் அனுப்பச் சொல்லும் வீடியோக்களில் அவர் புதுப்புதுக் கைகளாகப் பார்த்தார். கறுத்த கை, வெளுத்த கை, வயலில் நாற்று நட்ட கை, வளையல் நிறைந்த கை, ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கை.

"உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேரு பூர்ணிமா?"

"கூட்டுக் குடும்பம் மேடம்."

"நேர்ல வர்ற பேட்ச்ல ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுத்தான் பழகறாங்க. எல்லாம் ஒரே மாதிரி இளசு நகம். உங்களுக்குத்தான் ஊர்ப்பட்ட நகம் கிடைக்குது. குடுத்து வச்சவங்க."

வேகம் வந்தது மேல்விஷாரத்து அஜீஸுன்னிசாவால். சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்க வியாழக்கிழமைதோறும் வண்டிக்குக் காத்திருப்பார். ஆசையாகக் கையை நீட்டுவார். ஆனால் நகத்தில் பாலீஷ் இருந்தால் தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் தண்ணீர் நகத்தைத் தொடாது. "சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால போடவும் போட்டுடணும், எடுக்கவும் எடுத்துடணும் மகளே. கண்ணால பாத்தா போதும் எனக்கு," என்பார். அவருக்குப் பூசி, அவர் பார்த்து மகிழ்ந்து, மறுபடி துடைத்து எடுக்க பூர்ணிமாவுக்கு முக்கால் மணி நேரம்தான். முதல் வியாழன் தடுமாறினாள். ஐந்தாவது வியாழன் பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது.

பாடம் கேட்கும் மனசும் வந்துவிட்டது. "நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர்தான் வளரும்," என்றார் மேடம் ஒருநாள். "அடியில இருக்கறது நுனிக்கு வர நாலஞ்சு மாசம் ஆகும். அதனால நகத்தைப் பாத்தா, அவங்க இவ்வளவு நாளா என்ன வேலை செஞ்சாங்கன்னு சொல்லிடலாம்." பூர்ணிமா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

அன்று சாயந்தரம் பழகிப் பார்க்க மதியழகனின் கையை இழுத்தாள். பதினாலு வருஷமாகச் சாயம் ஏறிக் கறுத்த நகங்கள். கல்யாண ஆல்பம் முழுக்க அவன் விரலை மடக்கிக்கொண்டுதான் நிற்பான். இப்போது பார்த்தால் நகத்தின் நுனிப் பாதி கறுப்பு, அடிப் பாதி வெளுப்பு.

"இன்னாங்க இது, நகம் இவ்ளோ சுத்தமா வருது?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். "புது கிளவுஸ் குடுத்திருக்காங்க. ஃபாரின் பார்ட்டி வந்து பாத்துட்டு, கண்டிப்பா போடணும்னுட்டான்."

"நல்ல கம்பெனி," என்றாள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

நாலாவது மாசம் பரீட்சை வந்தது. வீடியோவில், மேடத்தின் கண்ணெதிரே ஒரு பெண்ணுக்கு நகம் செய்து காட்ட வேண்டும். வீட்டில் வாய் தவறி, "பரீட்சைக்கு ஒரு கை வேணும்," என்று சொல்லிவிட்டாள்.

"என் கை இருக்கறப்ப வேற எவ கையத் தேடற?" என்றாள் சம்பூர்ணம். "நானே வர்றேன். உன் கிளாசையும் பாத்த மாதிரி இருக்கும்."

"வெளி ஆளுங்கள விட மாட்டாங்க அத்தை."

"நான் வெளி ஆளா?"

எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. "காட்பாடிக்கா? வாணாம்மா," என்று பதறினான் மதியழகன். "அங்க கூட்டம் ஜாஸ்தி. உனக்கு முட்டி வலி வேற." பூர்ணிமா அவனை நன்றியோடு பார்த்தாள்.

"முட்டி வலிக்குத்தான் நீ கூட வரணும். ஒரு நாள் லீவு போடு."

"லீவெல்லாம் தர மாட்டாங்க."

"உன் சூப்ரவைசர் நெம்பரக் குடு, நான் பேசறேன். பதினாலு வருஷமா ஒழைக்கறான் என் புள்ள, ஒரு நாள் தர மாட்டானா?"

மதியழகன் முகம் வெளுத்தது. "நானே பேசிக்கறேன்," என்றான்.

காட்பாடியில் இறங்கியதும் பூர்ணிமா அடுத்த பொய்யை எடுத்தாள். "பரீட்சை ஸ்டேஷன்லயேதான் அத்தை. வெளியூர்ப் பொண்ணுங்களுக்கு வசதின்னு சென்டர் இங்க போட்டுட்டாங்க."

சம்பூர்ணம் நம்பினாள். வெயிட்டிங் ரூமில் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? போலீஸம்மா வேறு எழுந்து நாற்காலி கொடுத்தாள். "பரீட்சைக்கு பந்தோபஸ்தெல்லாம் போட்டிருக்கான்," என்று சம்பூர்ணம் பெருமையோடு அமர்ந்தாள். மதியழகன் உள்ளே வரவில்லை. தூசு என்று முகத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு வாசலோரம் நின்றான்.

பூர்ணிமா செய்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கரடுமுரடான அந்தக் கையை ஊற வைத்து, ராவி, சீராக்கி, வெளிர் ரோஜா நிறம் பூசினாள். போனில் மேடம் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"அருமை. அம்மா யாரு?"

"என் மாமியார் மேடம்."

"ஓ, டிவி பாக்கறவங்களா!"

"நான் எங்கம்மா டிவி பாத்தேன்?" என்றாள் சம்பூர்ணம். "எங்க ஊட்டு டிவி ரிப்பேராயி ரெண்டு வருஷம் ஆவுது."

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்றது ஒலிபெருக்கி.

"பூர்ணிமா," என்றார் மேடம், "உண்மையச் சொல்லுங்க. எங்க இருக்கீங்க?"

பொய் தீர்ந்துவிட்டது. அவள் போனைத் திருப்பி அறை முழுவதையும் காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஒரு நாள் வகுப்பு, இருபது போன், பிளந்த நகம், பால்காரர், நாலு மாசம். சொல்லும்போது மாமியார் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க பாஸ்," என்றார் மேடம். "நேர்ல வர்ற பேட்ச்சையும் ஒரு வாரம் உங்க வெயிட்டிங் ரூமுக்கு அனுப்பலாமான்னு யோசிக்கறேன்." போன் அணைந்தது.

பாஸ் செய்த சந்தோஷத்துக்கு இடமில்லை. எதிரே சம்பூர்ணம், பூச்சு கலையாமல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

"விரலப் பாத்து போட்டோ எடுத்தாளுங்கன்னு என்கிட்ட சொல்லியிருந்தா, நான் இன்னா உன்னக் கடிச்சா முழுங்கிடுவேன்? எங்ககிட்ட ஒண்ணச் சொல்லிட்டு, நாலு மாசமா சோத்து டப்பாவோட ஸ்டேஷன்ல வந்து உக்காந்துக்கினு இருந்திருக்கியே!" வாசல் பக்கம் திரும்பினாள். "டேய் மதி, உள்ள வாடா. கேட்டியா இவ பண்ண காரியத்த? என் புள்ளயப் பாரும்மா. மழையோ வெயிலோ, ஒரு நாள் தப்பாம வேலைக்குப் போறான். பொண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொல்லியிருப்பானா?"

மதியழகன் கர்ச்சீப்பை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்து நின்றான். குனிந்து தன் நகங்களையே பார்த்தான். பூர்ணிமாவும் பார்த்தாள். பத்து நகமும் அடி முதல் நுனி வரை சுத்தமாக இருந்தன.

வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்த சவுரியம்மாள் அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னா சார், இன்னைக்கு லேடீஸ் ரூம்ல நிக்கறீங்க? நாலு மாசமா நீங்க உக்கார்ற ஜன்னலோர சீட்ட ஜென்ட்ஸ் ரூம்ல எவனோ புடிச்சிட்டான், போய் எழுப்புங்க!"