வெட்டுப்படாத யானைக் கேக்

பேரப்பிள்ளை ஒன்று கேட்டு, "எனக்குத் தெரியாது" என்று சொன்ன தாத்தாவை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சட்டி வெண்ணெயும், பன்னிரண்டு முட்டையும், என் மானமும் மிஞ்சியிருக்கும்.

போடிக்கு ரயில் வராத காலம் அது. என் மகள் சிவகாமி இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகனுக்கு மலையில் ஒரு துரையின் தோட்டத்தில் எழுத்து வேலை. ஆண் குழந்தை பிறந்தது. வந்தவர்கள் எல்லாரும் தொட்டிலைச் சுற்றியே நின்றார்கள். மூத்தவள் காமாட்சிக்கு ஏழு வயது முடியப்போகிறது. "தம்பிக்கு விட்டுக்கொடுக்கணும் ஆத்தா" என்பதைத் தவிர அவளிடம் யாரும் வேறெதுவும் பேசவில்லை. அம்மாவின் மடி போயிற்று. படுக்கிற பாய்கூடத் தொட்டிலடிக்குப் போயிற்று. பிள்ளை மூலையில் உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன ஆத்தா வேணும்? சொல்லு."

"துரை மகளுக்குப் பெறந்தநாளைக்கு வீடு மாதிரி கேக்கு செஞ்சாக. சன்னல் வழியாப் பாத்தேன். எனக்கு யானை மாதிரி வேணும்."

"அதை எப்படிச் செய்வாகளாம்?"

"மாவு, முட்டை, வெண்ணெய், சீனி எல்லாம் போட்டு, இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு மூடி, அடியில தீ போடுவாகளாம். சமையக்காரரு சொன்னாரு."

"ப்பூ, இம்புட்டுத்தானா!" என்றேன்.

மூடி வைத்து அடியில் தீப் போடுவது! முப்பது வருஷமாக நான் செய்கிற சோலியே அதுதானே? குரங்கணிக்கு மேலே மலையில் ஏலக்காய் உலர்த்துகிற கொட்டடிக்கு நான்தான் பொறுப்பு. தகரக் குழாய் வழியாக அறைக்குள் சூடு ஓடும். காயை எப்போது எடுப்பது என்பதில் என் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. (கேக்கை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. என் தைரியத்துக்குக் காரணம் அதுதான்.)

"தெருப் பிள்ளைககிட்டச் சொல்லட்டா தாத்தா?"

"தாராளமாச் சொல்லு!"

நான் செருப்பைப் போடுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. இனி நான் தோற்றால் பிள்ளையும் தோற்றுப்போகும்.

கொட்டடியில் மாவைப் பிசைந்தேன். யானை நிற்கவில்லை, தோசையாகப் படுத்தது. இன்னும் மாவு போட்டேன். முட்டி போட்டது. இன்னும் போட்டேன். ஒருவழியாக எழுந்து நின்றது. கண்ணுக்கு மிளகு, தந்தத்துக்குத் தேங்காய்க் கீற்று, மேலே கருப்பட்டிப் பாகு. தீப்போடுகிற முத்தையா சுற்றிவந்து பார்த்தான்.

"என்னண்ணே, இதைச் சுடுறீகளா, காயப் போடுறீகளா?"

"உனக்கென்னடா தெரியும்? சூடு மெதுவாத்தான் ஏறணும்."

"ஏலக்காய்க்கு ஏறணும். யானைக்குமா?"

ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல். எங்கள் தொழிலில் காய்ந்த சரக்கு கலகலவென்று பேசும். யானையை விரலால் தட்டினேன். 'டங்' என்றது. ஆஹா, பதம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்!

கூடையில் வைத்துத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் இருபது பிள்ளைகள் கையில் இலையோடு காத்திருந்தார்கள். யானையைப் பார்த்ததும் ஒரே கூச்சல். காமாட்சி புதுப் பாவாடையோடு பக்கத்தில் நின்றாள். கத்தியை வைத்து அழுத்தினேன். வழுக்கியது. மறுபடி அழுத்தினேன். கத்தி வளைந்தது. சிரித்துக்கொண்டே போய் அரிவாளை எடுத்துவந்து ஒரு போடு போட்டேன். யானையின் நெற்றியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. அரிவாளின் வாய் மடங்கிவிட்டது.

"யப்பா, வீட்டைக் கட்டுறப்ப இதை அஸ்திவாரத்துல போட்ருக்கலாம்ல?" என்றாள் சிவகாமி.

எல்லாரும் சிரித்தார்கள். காமாட்சி சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெட்ட வராதா தாத்தா?"

"வராது போல ஆத்தா."

"அப்ப யாருக்கும் பங்கு குடுக்க வேண்டாமா?"

"குடுக்க முடியாதே."

"முழு யானையும் எனக்கா? தம்பிக்குக்கூட இல்லாம?"

விட்டுக்கொடுக்கச் சொல்லத்தான் சிவகாமி வாயைத் திறந்திருப்பாள். என்ன தோன்றியதோ, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மாசக்கணக்காகக் காலியாகக் கிடைக்காத மடி அது.

கொஞ்ச நேரம் கழித்துக் காமாட்சி எழுந்து, யானையை முக்காலியில் ஏற்றிவைத்து அதட்டினாள்: "எல்லாரும் வரிசையா வாங்க. ஆளுக்கு ஒரு நக்கு. கடிக்கக் கூடாது!"

இருபது பிள்ளைகளும் வரிசையில் நின்று யானையை நக்கினார்கள். வெரசாக நக்கிவிட்டு இரண்டாம் முறை வந்தவனை முதுகில் தட்டி விரட்டினாள். கடைசியில் தும்பிக்கையில் விரலைத் தேய்த்து, தொட்டிலுக்குப் போய்த் தம்பி உதட்டில் தடவினாள். யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் செய்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முறுக்கோ, சீடையோ கொஞ்சம் கெட்டியாகிவிட்டால், "கடிக்கவா, நக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள். அப்படிக் கேட்கும்போது எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

போன வருஷம் காமாட்சிக்குக் கல்யாணம். பந்தியில் போட்ட அதிரசம் சற்றுக் கல்லாக இருந்தது. மாப்பிள்ளை ஒரு கடி கடித்துவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தார். காமாட்சி அவர் காதில் என்னவோ சொன்னாள். மாப்பிள்ளை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு, இரண்டு வீட்டுச் சனமும் பார்த்திருக்க, அதிரசத்தை மரியாதையாக ஒரு நக்கு நக்கினார்.