தாய்மாமனும் இதர பணிகளும்

கவிதை எழுதுகிறவனிடம் ஒரு அரைப்புள்ளியைக் கொடுத்தால் அரை நாள் உட்கார்ந்து பார்ப்பான். பணி ஒப்பந்தத்தைக் கொடுத்தால் கையெழுத்து எங்கே என்று கேட்பான். நான் அப்படிக் கேட்டவன்.

பத்திரிகை வேலை போய்விட்டது. சேலையூர் வீட்டுக் கடன் மட்டும் என்னைவிட்டுப் போகாமல் இருந்தது. திருமுடிவாக்கத்தில் இரும்புக் கதவு செய்யும் கம்பெனியில் விளம்பர வாசகம் எழுத ஆள் கேட்டார்கள். போனேன். பட்டறையில் இரும்பு அறுபடும் சத்தம் என் பல்லின் வேர்வரை வந்து திரும்பியது. மேசைமேல் ஒப்பந்தம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்யாணப் பத்திரிகை மாதிரி. நான் முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், இன்னிக்கு புதன். பன்னெண்டுக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும். கையெழுத்தைப் போட்டுடுங்க, அப்புறம் நிதானமா படிங்க."

(பகுத்தறிவைப் பற்றிப் பதினைந்து வருடம் எழுதிக் கிழித்தவன். பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்காத குறை.)

நிதானமாக வீட்டில் படித்தேன். பதினோராவது ஷரத்து: 'மற்றும் நிர்வாகம் அவ்வப்போது பணிக்கும் இதர பணிகள்.' அதற்குக் கீழே, திருப்தி இல்லையெனில் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்று இருந்தது. எதில் திருப்தி, எவ்வளவு திருப்தி, ஒன்றும் இல்லை. கரை குறிப்பிடாத கடல் ஒன்றுக்குப் பட்டா வாங்கியவன் போல உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போய்க் கேட்டேவிட்டேன்.

"இதர பணின்னா என்ன சார்? ஒரு வரையறை போட்டா…"

"நாமெல்லாம் ஃபேமிலி மாதிரி சார். ஃபேமிலிக்குள்ள வரையறை போட்டுக்கறமா?"

நெகிழ்ந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அவர் பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வாசகம் எழுதினேன். அவர் மச்சினிக்கு மணமகன் தேவை விளம்பரம் எழுதினேன். செக்யூரிட்டி வராத நாளில் கேட்டில் நின்று லாரிகளுக்கு சல்யூட் அடித்தேன். எல்லாம் பதினொன்று. ஒருநாள் கூப்பிட்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து சார். என் மிஸஸ் கூடப் பொறந்ததெல்லாம் பொண்ணுங்க. தாய்மாமன் மடி இல்ல. நீங்க உக்காந்துடுங்க."

"சார், அன்னைக்கு என் தங்கச்சி பொண்ணுக்கே காதுகுத்து. படப்பை கோயில்ல, பத்தரைக்கு. நான்தான் ஒரே மாமன்."

"நம்மளுது வண்டலூர் மண்டபம், எட்டரைக்கெல்லாம் முடிஞ்சுடும். கார்ல அனுப்பி வைக்கிறேன்."

"இது ஆபீஸ் வேலையா சார்?"

"பதினொண்ணாவது பாயின்ட் பாருங்க. உங்க புரொபேஷன் வேற முடியப்போகுது, பாத்துக்கங்க." தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு கோபமாவது பட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சுமதி எனக்கு எடுத்த புதுச் சட்டையை ஒரு பையில் வைத்துக்கொண்டு தனியாகப் படப்பைக்குக் கிளம்பினாள். "வந்து மாத்திக்குங்க," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

வண்டலூரில் எனக்குப் பட்டுச் சட்டை, மாலை. காது குத்தும் ஆசாரி வரவே ஒன்பதரை ஆகிவிட்டது. குழந்தை என் மடியில் வீறிட்டது. நானும் வீறிட்டிருப்பேன், வீடியோ எடுப்பவர் விடவில்லை.

"மாமா, கொஞ்சம் சிரிங்க. மொய் எழுத வந்தவர் மாதிரி இருக்கீங்க."

நடுவே அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தி என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. பிடி தளரும் என்று காத்திருந்தேன். தளரவில்லை.

படப்பைச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றது. வெயில் என் பட்டுச் சட்டைக்குள் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து வேர்த்தது. கோயிலை அடைந்தபோது பந்தி ஆரம்பித்திருந்தது. தங்கை கல்பனா இலை போட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்:

"பாப்பாவோட மாமாவா? அவரு வண்டலூர்ல டூட்டில இருக்காரு."

நல்ல நேரம் தாண்டிவிடும் என்று பூசாரி அவசரப்படுத்தியிருக்கிறார். வேறு மடி சரிவராது என்று சம்பந்தி வீட்டார் முறைத்திருக்கிறார்கள். சுமதி பையிலிருந்த என் புதுச் சட்டையை எடுத்துத் தன் மடியில் விரித்து, குழந்தையை அதன்மேல் உட்காரவைத்திருக்கிறாள். நான் செய்ய வேண்டியதை என் சட்டை செய்து முடித்திருந்தது. அதன் காலரில் சிவப்பாக ஒரு பொட்டு. என் மருமகளின் முதல் கம்மலின் ரத்தம். எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. போக வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வேலையைப் பிறகு விட்டேன். நோட்டீஸ் கொடுத்து, காத்திருந்து, ஒழுங்காக வெளியே வந்தேன். ஆனால் தாய்மாமன் பதவிக்கு நோட்டீஸ் பீரியட் கிடையாது. என் மருமகள் இனியா பேச ஆரம்பித்ததிலிருந்து என்னை 'சட்டை மாமா' என்றுதான் கூப்பிடுகிறாள். முதலாளியின் மகளோ வெறும் 'மாமா' என்கிறாள், ரத்த சொந்தம் மாதிரி.

போன வாரம் முதலாளியும் அவர் மனைவியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். அன்று என் மடியில் காது குத்திக்கொண்ட பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயது, மஞ்சள் நீராட்டு விழா. பத்திரிகையில் தாய்மாமன் சீர் என்ற வரியில் தடித்த எழுத்தில் என் பெயர்.

அவர்கள் போனதும் கல்பனாவுக்கு போன் செய்து புலம்பினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சட்டையை அனுப்பிடுண்ணா," என்றாள். "அதுக்கு முன் அனுபவம் இருக்கு."