தள்ளுவண்டி வேட்பாளர்

வெர்னா, பேட்டரியில் ஓடும் தன் கோல்ஃப் வண்டியின் மிதியை அழுத்தினாள். வண்டி நகரவில்லை. இன்னும் பலமாக அழுத்தியும் ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி நிரம்பியிருப்பதாகத்தான் முள் காட்டியது.

மணி ஒன்பதே கால். ஃப்ளோரிடாவின் அந்த ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் அன்றைக்குச் சங்கத் தேர்தல். பத்து மணிக்கு, ஓட்டுப் போடும் மன்றத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். வேட்பாளர் உள்ளே இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒன்பது வருஷமாகத் தலைவராக இருக்கும் ராய்ஸ் டில்மன், நீச்சல்குளத்தை மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக அறிவித்திருந்தார். எதிர்த்து நின்ற ஒரே ஆள் வெர்னா. மூட்டு மாற்றிய அவள் காலுக்கு அந்தக் குளம்தான் மருந்து.

பக்கத்து வீட்டு ட்வைட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். தன் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். வெர்னா மறுத்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள்.

"நின்னுபோன வண்டியை விட்டுட்டு நான் இறங்கினதே இல்ல, ட்வைட்."

ட்வைட் இருக்கையைத் தூக்கிப் பேட்டரிகளைப் பார்த்தார். முனைகளில் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது.

"சொத்தைதான். தேய்ச்சா சரியாயிடும்."

சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினார். நுரை பொங்கி வழிந்து, கீழே வைத்திருந்த தேர்தல் துண்டறிக்கைகளை எல்லாம் நனைத்தது. வண்டி நகரவில்லை. ஒயர்களைக் கழற்றி மாட்டினார். ஹாரன் அலற ஆரம்பித்தது; நிறுத்தத் தெரியவில்லை. கயிறு கட்டித் தன் வண்டியால் இழுத்தார். வெர்னா வண்டியின் முன்பக்க பம்பர் மட்டும் கழன்று அவர் பின்னால் போனது.

மணி ஒன்பது நாற்பது. வெர்னாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

அதற்குள் ஹாரன் சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. காபிக் கோப்பையோடு சிலர், வீட்டுச் செருப்போடு சிலர். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு யோசனையும் பலிக்காமல், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி லேசாக உருண்டது. ஹாரன் அலற அலற, தெருவுக்குத் தெரு கூட்டம் பெருத்தது. பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மன்றத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வந்தது வந்தோம் என்று அத்தனை பேரும் உள்ளே போய் ஓட்டுப் போட்டார்கள்.

வழக்கமாக ராய்ஸின் நண்பர்கள் முப்பது பேர் போடுவதோடு தேர்தல் முடிந்துவிடும். இந்த முறை நூற்று நாற்பத்திரண்டு ஓட்டு. வெர்னாவுக்குத் தொண்ணூற்றேழு. அவளைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். மூட்டுவலிக்காரர்களே அதிகம் என்பதால் கைதட்டலோடு விட்டுவிட்டார்கள்.

வெர்னா வாசலுக்கு வந்தபோது, அவள் வண்டியின் அருகே ராய்ஸின் மனைவி மேபெல் நின்றிருந்தாள். மேபெல் இருக்கையைத் தூக்கி, மூலையில் இருந்த ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டிவிட்டாள்.

"இப்ப மிதி."

வெர்னா மிதித்தாள். வண்டி பாய்ந்து கிளம்பி நின்றது.

மேபெல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தேர்தல்னா இங்க ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, வண்டி நின்னா ஊரே வரும். அதான் காலையில நீ குளிக்கப் போனப்ப நானே வந்து இந்த ஸ்விட்சை அணைச்சேன். ஒன்பது வருஷமா அந்தத் தலைவரை வீட்லயும் சகிச்சவ நான்தானே, வெர்னா."