கைக்குள் அடங்கிய கணினித் துறை

உலகக் கணினி வரலாற்றை இனிமேல் பூந்தமல்லிக்கு முன், பூந்தமல்லிக்குப் பின் என்று பிரித்து எழுதுவதே நியாயம். பைபாஸ் ஓரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், துறைத்தலைவர் இராமகிருஷ்ணன் ‘கையடக்க நிரலாக்கப் புரட்சி’யை அறிவித்த நாளே அந்த எல்லைக்கல். இனிச் செய்முறைத் தேர்வு அவரவர் செல்போனிலேயே நடக்கும். ஆய்வகத்துக் கணினிகள் ஆய்வுக்குழு வந்தால் காட்டுவதற்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனப்பொட்டு வைத்துப் பூட்டியதிலிருந்து அவற்றின் புனிதத்தை யாரும் கெடுக்கவில்லை.

ஆவடியிலிருந்து பஸ் ஏறி வரும் அஸ்வினுக்கு இந்தப் புரட்சியில் தேறியே ஆக வேண்டிய கட்டாயம். தேறினால்தான் திங்கட்கிழமை கம்பெனி நேர்காணலில் உட்காரவிடுவார்கள்.

அவன் போன், அவன் அக்கா வேண்டாமென்று தள்ளியது. தேர்வு தொடங்கி, நிரல் எழுதும் எடிட்டர் செயலியில் விசைப்பலகை எழுந்ததும் பாதித் திரை காணாமல் போனது. மிச்சத்தில் மூன்று வரி தெரிந்தது. நான்காவதைப் பார்க்க முதல் வரியை மறந்தாக வேண்டும். ‘நினைவாற்றலை வளர்க்கும் ஏற்பாடு’ என்று சுற்றறிக்கை இதை முன்கூட்டியே பாராட்டியிருந்தது.

“மச்சான், பிராக்கெட் எங்கடா கீது?” பக்கத்து பெஞ்சிலிருந்து தேவா கிசுகிசுத்தான்.

“மூணாவது பக்கம். ஸ்மைலி பக்கத்துல.”

“ஸ்மைலிதான்டா வந்துகினே கீது. வெச்சிடட்டா?”

“வை. சார் சிரிச்சா பாஸ்.”

பாதித் தேர்வில் இராமகிருஷ்ணன் எழுந்தார். “எல்லாரும் ஒரு செல்ஃபி எடுங்க. அட்டெண்டன்ஸ்.”

அஸ்வின் கேமராவைத் திறந்தான். ஒரே நேரத்தில் இரண்டு வேலை தாங்காத போன், எடிட்டரை மூடிவிட்டது. திரும்பி வந்தால் வெள்ளைத் திரை. மாணவன் பிரசென்ட், நிரல் ஆப்சென்ட்.

கட்டைவிரல் வீங்க மறுபடி தட்டி முடித்து, ‘ரன்’ பொத்தானை அழுத்தினான்.

“சார், நெட் இல்லன்னு சொல்லுது. இந்த ஆப் ப்ரோகிராமை வெளிய சர்வருக்கு அனுப்பித்தான் ஓட்டும்.”

“நெட் போட்டா காப்பி அடிப்பீங்க. ஏரோபிளேன் மோடு. விதி.”

“நெட் இல்லாட்டி ஓடாதே சார்.”

“ஓடுற மாதிரி எழுதலன்னு சொல்லு.”

அஸ்வின் போனையே நீட்டினான். ‘இணையமின்றி இந்தச் சாதனத்தில் இதற்கு மேல் இயலாது. கணினியைப் பயன்படுத்தவும்’ என்றது திரை.

“லேபைத் திறந்தீங்கன்னா ரெண்டே நிமிஷம் சார். திங்கட்கிழமை இன்டர்வியூ…”

“திறந்து ஆளாளுக்குத் தொட்டா பொட்டு அழிஞ்சிடும். ஆய்வுக்கு வர்ற கமிட்டிக்கு நீயா பதில் சொல்லுவ?”

இராமகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினார்: ‘தோல்வி. காரணம், மாணவரின் தொழில்நுட்ப வரம்பு.’ நாலடி போனவர், ஏதோ உறுத்தத் திரும்பி வந்தார்.

“அந்த ஆப்பை அழிச்சிடு தம்பி. கம்ப்யூட்டருக்குப் போ, கம்ப்யூட்டருக்குப் போன்னுது. கமிட்டி கண்ணுல பட்டா அசிங்கம்.”

அஸ்வின் அழித்தான். தன்னால் எது முடியாது என்று உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றே ஒன்றும் அன்றோடு அந்தத் துறையிலிருந்து நீக்கப்பட்டது.