தெரிந்தவரைக் கேள்

முட்டாளுக்குச் சொல்வதுபோலவும் எழுதக்கூடாது, அறிவாளிக்குச் சொல்வதுபோலவும் எழுதக்கூடாது. மாமியாருக்குச் சொல்வதுபோல எழுத வேண்டும். சொன்னதை அப்படியே செய்துவிடுவார், சொல்லாததைத் தாமே யோசித்துச் செய்துவிடுவார். இரண்டுக்கும் பழி எனக்குத்தான்.

சுப்ரியா இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே திரையில் இருந்த ஆறு வரிகளைப் பார்த்தாள். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் இருக்கும் அவளுடைய கம்பெனி ஒரு சின்னக் கருவி செய்திருந்தது. ஊர் பெயரைக் கொடுத்தால் அந்த ஊரின் நேர மண்டலத்தைச் சொல்லும். பயன்படுத்தப்போவது மனிதர்கள் அல்ல, ஏ.ஐ. ஏஜென்ட்கள். மீட்டிங் வைப்பது, கார் சொல்வது எல்லாம் அவை பார்த்துக்கொள்ளும். கருவியைப் பற்றி அவை படிப்பது சுப்ரியா எழுதும் குறிப்பை மட்டும்தான்.

திங்கட்கிழமை எழுதிய குறிப்பு சுருக்கமாக, அழகாகவே இருந்தது. ஏஜென்ட் 'திருவனந்தபுரம்' என்று கேட்டது. கருவி 'ஆசியா/கொல்கத்தா' என்றது. இந்தியா முழுவதற்கும் அந்த மண்டலத்தின் பெயர் அதுதான். ஏஜென்ட் உடனே மேனேஜர் பிரஜினுக்குக் கொல்கத்தா ஏர்போர்ட்டில் கார் ஏற்பாடு செய்துவிட்டது.

"சேச்சி, ட்ரைவர் போன்ல நாலு தடவை விளிச்சாச்சு," என்றான் பிரஜின். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரன். தமிழா மலையாளமா என்று அவன் வாய்க்கே தெரியாது. "என் பேர் எழுதின போர்டைப் பிடிச்சுட்டு நிக்கறாராம். பாவம் அல்லே?"

அவள் ஒரு வரி சேர்த்தாள்: 'கொல்கத்தா என்று பதில் வந்தாலும் பயனர் கொல்கத்தாவில் இல்லை.'

செவ்வாய்க்கிழமை, கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வாடிக்கையாளரிடம், அவர் கொல்கத்தாவில் இல்லை என்று ஏஜென்ட் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தது. அவர் ஜன்னலைத் திறந்து தெருவைப் படமெடுத்து அனுப்பினார். ஏஜென்ட் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"தெளிவா எழுதணும், சேச்சி."

"தெளிவாத்தான் எழுதியிருக்கேன். அதான் பிரச்சினை."

அந்த வரியை எடுத்துவிட்டு, 'சந்தேகம் இருந்தால், எங்கே இருக்கிறார் என்று பயனரையே கேள்' என்று போட்டாள். புதன்கிழமை காலை ஏஜென்டுக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. ஆபீசில் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்று வந்துகொண்டிருந்தது. பல்வலி என்று லீவு போட்டிருந்த ஒருவன், பழக்கதோஷத்தில் 'வர்க்கலை பீச்' என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

சுப்ரியாவுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கரமனை வீட்டிலிருந்து மாமியார் சாவித்ரி தினமும் மாலையில் கேட்பதுதான். "எங்கேடீ இருக்கே?"

"ட்ராஃபிக்ல, அம்மா."

கழக்கூட்டத்து ஹைவே அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அந்தப் பதில். அதற்குள்தான் வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஏழு மணி வரை ஒளித்து வைத்திருந்தாள். நீச்சல் வகுப்பு. நாற்பத்தாறு வயதில். வாரத்தின் நூற்று அறுபத்தெட்டு மணி நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு மணி நேரம். மூன்று வாரத்துக்கு முன்னால் முதல்முறையாகக் கால் தரையை விட்டது. தண்ணீர் தன்னிடம் எதுவுமே கேட்கவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் பிறகு இந்தக் கருவியின் அவசரத்தில் இரண்டு வெள்ளி போய்விட்டது. "இந்த வெள்ளியும் வரலேன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்," என்று பயிற்சியாளர் சுசீலாபாய் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

புதன் மதியம் கடைசியாகத் திருத்தினாள்: 'பயனரைத் தொந்தரவு செய்யாதே. ஊகிக்காதே. தெரிந்தவரைக் கேள்.' கீழே, ஆபீஸ் வழக்கப்படி, 'எழுதியவர்: சுப்ரியா.'

அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு தப்புக்கூட இல்லை.

ஆபீஸ் சாட்டில் மட்டும் 'விருந்தினர்-7' என்று யாரோ அடிக்கடி வந்தார்கள். சோதித்துப் பார்க்கும் வாடிக்கையாளர் ஆட்களுக்கு அப்படித்தான் பெயர் கொடுப்பார்கள். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. 'காத்மாண்டு. இப்போது மணி?' அவ்வளவுதான். நமக்குக் கால் மணி முன்னால் என்று வேலைக்கு நடுவிலேயே தட்டிவிடுவாள். வீட்டிலும் அதே கதை. "ஏண்டீ, கால்கரில இப்போ மணி என்ன? மீரா எழுந்திண்டிருப்பாளோ?" நாத்தனார் மீரா முடிந்தால் ஆக்லாந்தில் கொழுந்தன் சாய். கடிகாரம் எல்லார் கையிலும் இருந்தது, கணக்கு இவளிடம். இருபது வருஷத்தில், கேட்பது யார் என்று பார்க்கும் பழக்கமே அவளுக்குப் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்குப் பிரஜின் ஓடிவந்தான்.

"சேச்சி, நூத்தி நாப்பது கேள்வி, நூத்தி நாப்பதும் சரி! கிளையன்ட் மயங்கிட்டாங்க. இன்னும் கொஞ்சம் கேட்டுட்டு ஏழு மணிக்கு கையெழுத்து. அது வரைக்கும் நீங்க சீட்ல இருக்கணும்."

"எதுக்கு? எழுதியாச்சே."

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தா போதும். கிரிக்கெட் பார்க்கறப்போ ஒரு ஆள் எழுந்தா விக்கெட் போகுமில்லையா? அது போலத்தான். நீங்க இருந்தா எல்லாம் சரியா வருது, கேட்டோ."

சும்மா இருப்பதற்கும் என் நேரம்தான் வேண்டுமா என்று நினைத்தாள். எப்போதும்போல 'சரி' என்று வாய் தயாராகிவிட்டது. அதைப் பல்லுக்குள்ளேயே நிறுத்தினாள்.

"இல்லை, பிரஜின். நான் கிளம்பறேன்."

பையை எடுத்துக்கொண்டாள். உள்ளே ஒரு துண்டு, நீச்சல் உடை, டிபன் பாக்ஸ். லிஃப்ட் கதவு திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டெஸ்டிங் பிரிவுப் பெண் ஷெமி, மூச்சு வாங்க.

"சேச்சி, போகல்லே, நில்லுங்க! இப்பத்தான் பார்த்தேன். புதன்கிழமை மத்தியானத்திலேர்ந்து அந்த டூல் ஓடவே இல்லை. சர்வர் நின்னு போச்சு."

"அப்போ நூத்தி நாப்பது பதில்?"

"நீங்க சொன்னதுதான். விருந்தினர் ஏழு ஆளே இல்ல, சேச்சி, நம்ம ஏஜென்ட். தெரிஞ்சவரைக் கேக்கச் சொன்னீங்க, கீழே உங்க பேர் இருந்தது." ஷெமி லிஃப்ட் கதவைக் கையால் தடுத்துக்கொண்டாள். "இப்போ கேள்வி மேல கேள்வி வருது. ஒரே ஒரு மணி நேரம் இருங்க, சேச்சி. நீங்க எங்கேன்னு அது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

சுப்ரியா அவள் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"ட்ராஃபிக்ல இருக்கேன்னு சொல்லு."